புஷ்கர் ஏரி நீராடல்: பெரியவர்களோடு ஒரே நாளில் முடியுமா?

கேள்வி:
கார்த்திகையில் அப்பா அம்மாவை (இருவருக்கும் 70க்கு மேல்) ராஜஸ்தானில் உள்ள புஷ்கருக்கு அழைத்துப் போகிறோம். அஜ்மீரில் தங்கல். நீராடல், பிரம்மா கோவில், சாவித்திரி கோவில் மூன்றும் ஒரே நாளில் முடியுமா? படித்துறையில் பணம் கேட்டு நெருக்குவார்களாமே?

பதில் 1:
முதலில் தேதியைப் பாருங்க. வடநாட்டவர்களுடைய கார்த்திக் பௌர்ணமி பல வருஷம் நம் ஐப்பசியிலேயே வந்துவிடும். 2025இல் அது நவம்பர் 5. திருவண்ணாமலை தீபம் டிசம்பர் 3. ஏகாதசியிலிருந்து பௌர்ணமி வரை ஐந்து நாளும் நீராடல் கூட்டம் நெரியும், பெரியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். ஒட்டகச் சந்தை பார்க்க ஆசையென்றால் ஏகாதசிக்கு முன்பே போங்க. பௌர்ணமிக்குள் பெரும்பாலான ஒட்டகங்கள் கிளம்பிவிடும்.

பதில் 2:
52 படித்துறைகளில் வராக, பிரம்ம, கௌ காட் மூன்றும் விசேஷம். செருப்பைப் படிக்கு நன்றாகத் தள்ளியே கழற்றிவிடணும். குளிப்பவர்களைப் படமெடுக்கக் கூடாது. கீழ்ப்படிகளில் பாசி வழுக்கும். ஒரு சொம்பு கொண்டுபோய் அம்மா அப்பாவை மேல்படியில் உட்காரவைத்துத் தலையில் ஊற்றுங்க, அதுவும் ஸ்நானம்தான்.

பணத் தகராறு பூவில்தான் ஆரம்பிக்கும். வழியில் யார் நீட்டினாலும் வாங்காதீங்க. வாங்கினால் படிக்கு அழைத்துப்போய், கையில் நீரைவிட்டு, சங்கல்பத்தின் நடுவே ஒரு பெரிய தொகையைத் தருவதாக உங்கள் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். நீரைக் கையில் வைத்துச் சொன்னதை மீறப் பயந்தே பலர் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் நீர் வாங்குமுன், "குடும்பம் மொத்தத்துக்கும் இவ்வளவுதான்" என்று பேசி முடியுங்க. தலைக்கு இவ்வளவு என்ற கணக்குக்கு ஒத்துக்கொள்ளாதீங்க. தர்ப்பணம் உண்டென்றால் கோத்திரம், மூன்று தலைமுறைப் பெயர்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்க.

பதில் 3:
ஒரே நாளில் தாராளமாக முடியும், வரிசை முக்கியம். அஜ்மீரிலிருந்து நாக பர்வதம் தாண்டி 15 கி.மீ.க்குள்தான். விடியலில் நீராடல், உடனே பிரம்மா கோவில். மத்தியானம் நடை சாத்துவார்கள். பை, கேமராவை வெளியே வைக்கணும். சாவித்திரி கோவில் ரத்னகிரி மேல். 2016 முதல் ரோப்வே இருப்பதால் படி ஏறவேண்டாம். அதைச் சாயங்காலம் வைத்துக்கொண்டால் வெயில் இராது, ஏரி முழுதும் தெரியும்.

ஒன்று சொல்லணும். ஸ்ரீரங்கம், ஸ்ரீமுஷ்ணம், வானமாமலை போலப் புஷ்கரமும் எட்டு ஸ்வயம்வியக்த க்ஷேத்திரங்களில் (பெருமாள் தானாகவே தோன்றிய தலங்களில்) ஒன்று. இங்கே பெருமாள் தீர்த்த ரூபம். அந்த நீரே மூலவர். தயவுசெய்து சோப்பு, ஷாம்பு எடுத்துப் போகாதீங்க.