புதுப்பிப்பு: விஎஸ் கோடில் ஸேவ் கொடுத்தால் உறைகிறது – தீர்ந்தது

4 ஜிபி லேப்டாப், கோட் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் எக்கச்சக்க எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்), பைத்தான் ஃபைலை ஸேவ் செய்தாலே இழுக்கிறது, எதைக் கழிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது கீழக்கரை அண்ணன் சொன்ன 'ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்'. கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி அழுத்தி அந்தப் பெயரைத் தட்டினால், எக்ஸ்டென்ஷன்களைப் பாதி பாதியாக அணைத்து, பிரச்சினை இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போகும். 32 இருந்தாலும் ஐந்தாறு சுற்றில் ஆள் சிக்கிவிடும். பதில்களில் வந்த 'ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ்' பட்டியலும் நல்ல யோசனைதான். ஆனால் அதில் தெரிவது ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் தொடங்க எடுத்த மில்லிசெகண்ட், ஸேவ் தாமதம் அதில் அகப்படாது.

சிக்கியது ஒவ்வொரு ஸேவிலும் சர்வரைத் தேடும் ஒரு எக்ஸ்டென்ஷன். எங்கள் மண்டபம் ஊர்ப் பக்கம் காற்றடித்தால் சிக்னல் ஒரு கோடு. பதில் வரும்வரை எடிட்டரும் காத்து நிற்கும். ஊரில் நெட் நன்றாக இருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

பிறகு பைத்தானுக்குத் தனி ப்ரொஃபைல், அதாவது எக்ஸ்டென்ஷன்களும் செட்டிங்ஸும் தனியாக இருக்கும் தொகுப்பு. காலியாகத் தொடங்கி, பைத்தான் எக்ஸ்டென்ஷனும் கோடை ஒழுங்காக அடுக்கித் தரும் ஒரு ஃபார்மேட்டரும் மட்டும்.

எதிர்பாராதது: பழைய ஃபார்மேட்டரை நீக்கிய பிறகும் அதைக் காணோம் என்று எச்சரிக்கை வந்தது. எக்ஸ்டென்ஷன் போனாலும் செட்டிங்ஸ் ஜேசான் என்ற அமைப்பு ஃபைலில் 'எடிட்டர் டீஃபால்ட் ஃபார்மேட்டர்' வரி போகாது, கையால்தான் அழிக்க வேண்டும். அழித்தும் வந்தால் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் உள்ள விஎஸ்கோட் ஃபோல்டரைப் பாருங்கள். அங்கிருக்கும் செட்டிங் பொதுவானதை மிஞ்சிவிடும்.