தொடுதிரையில் வாசிக்கும் சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) கட்டியவர்களே, இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் அந்த ஒரு நொடி எது?

சாலிடர்புகை:
ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி, ஏழு அங்குலத் திரை, ஒரு சிறு ஒலி அட்டை, ஒலியை உண்டாக்க ஃப்ளூயிட்சின்த் என்ற மென்பொருள். கட்டிய கதை இங்கே எல்லோருக்கும் மனப்பாடம், விட்டுவிடுகிறேன்.

முதல் இரவு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை, ஒலியளவும் பூஜ்யம். ஆனாலும் காதோரம் கொசுவைப் போல ஒரு கீச்சொலி. கண் கூசியதால் திரை வெளிச்சத்தைப் பாதியாக்கினேன். கொசு பெரிதாயிற்று. முழு வெளிச்சத்துக்கு ஏற்றினேன். சட்டென்று அமைதி. மறுபடி இறக்கினால் மறுபடி கொசு. அரை மணி நேரம் அந்த வெளிச்சப் பட்டையைத்தான் மேலும் கீழும் இழுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். பின்னொளியை மங்கலாக்குவதென்றால் அதை நொடிக்குப் பல நூறு தடவை அணைத்து அணைத்து எரியவைப்பதுதான் என்று பிறகுதான் உறைத்தது. அந்தத் துடிப்பு 5 வோல்ட் கம்பி வழியாக ஒலி அட்டைக்குள் புகுந்திருக்கிறது. நான் செய்த கருவியில் முதலில் பாடியது விளக்கு! உங்களுக்கு?

வடக்குவாசல்:
என் கதை பேய்க் கதை. கையில் கிடந்த பழைய ரெசிஸ்டிவ் திரையைப் போட்டேன், அழுத்தினால்தான் வேலை செய்யும் வகை. ஒற்றைச் சுரமாக வாசித்தவரை பிசகில்லை. சேர்த்து வாசிக்கலாமே என்று ஸ கட்டையில் ஒரு விரல், ப கட்டையில் ஒரு விரல் வைத்தேன். ஸ கேட்கவில்லை, ப கேட்கவில்லை. கணீரென்று காந்தாரம் ஒலித்தது! காந்தாரக் கட்டையின் மேல் விரலே இல்லை. கையை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் காந்தாரம்.

அந்த வகைத் திரைக்கு ஒரே ஒரு விரல்தான் தெரியும். இரண்டு வைத்தால் நடுப்புள்ளியைச் சொல்லிவிடும். ஸவுக்கும் பவுக்கும் நட்டநடுவில் இருப்பது எது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பிறகு செல்போனில் இருப்பதைப் போன்ற கெபாசிட்டிவ் திரை வாங்கிப் பத்து விரலாலும் வாசிக்கிறேன். ஆனால் யாரும் தொடாமல் வந்த அந்தக் காந்தாரம்தான் நினைவில் நிற்கிறது.

மெதுவண்டி:
விட்டுவிட்டு ஒலிக்கிறது என்பதால் பஃபரை, அதாவது ஒலியை வெளியே விடும் முன் சேர்த்துவைக்கும் இடத்தை, 1024 மாதிரிகளில் வைத்திருந்தேன், இரண்டு அடுக்கு, நொடிக்கு 48000 மாதிரிகள். என் ஆறு வயது மகள் வந்து ஒரு கட்டையைத் தட்டினாள். தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். ஒலி வந்தது. இன்னொன்றைத் தட்டினாள், மறுபடி காத்திருந்தாள். "அப்பா, இது யோசித்துவிட்டுத்தான் பாடுமா?"

கணக்குப் போட்டால் 43 மில்லிநொடித் தாமதம். பெரியவர்கள் ஐந்து பேர் வாசித்துப் பார்த்து ‘பிரமாதம்’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றிரவே 128, மூன்று அடுக்கு என்று மாற்றினேன். 8 மில்லிநொடி. காலையில் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்போது யோசிக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

பழையகை:
மெதுவண்டி அவர்களே, அந்த 8 மில்லிநொடி பாதிக் கணக்கு. திரையை மறந்துவிட்டீர்கள். அது நொடிக்கு 60 தடவை விரலைத் தேடுகிறது என்றால் ஒரு தேடலுக்கும் அடுத்ததற்கும் இடையே 16 மில்லிநொடிக்கு மேல். பஃபரை எவ்வளவு சுருக்கினாலும் அந்தக் காத்திருப்பு குறையாது. சாலிடர்புகை சொல்லும் கொசுவும் விளக்கால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கிரவுண்ட் லூப்பாக இருக்கும், கருவிகளின் கிரவுண்ட் கம்பிகள் சேர்ந்து வளையமாகி இரைச்சல் தருவது. நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான்.

என் அனுபவம் சிறியது. நண்பர்கள் முன்னால் வாசிக்கும்போது பத்து விரலையும் வைத்தால் ஒலி கரகரத்தது. திரை மூலையில் ஒரு மஞ்சள் மின்னல் அவ்வப்போது தோன்றி மறையும். என் திரை வடிவமைப்பில் வந்த அலங்காரம் என்று நினைத்து எல்லோரிடமும் பெருமையாகக் காட்டினேன். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போகிறது, என்னைக் காப்பாற்று என்று ராஸ்பெர்ரி பை கதறிய குறி அது.

ஆகவே, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். செல்போன் சார்ஜரை இதற்குக் கொடுக்காதீர்கள். பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும், அதைக் கொண்டுவரும் கம்பியும் தடிமனாக, குட்டையாக இருக்கவேண்டும். பிராசசர் வேகத்தை ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அது தூங்கி எழும்பும்போதெல்லாம் ஒலி அறுபடும். மூடிய பெட்டி என்றால் வெப்பத் தகடு கட்டாயம், 80 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கி அணைக்கும் பழக்கம் இருந்தால் எஸ்டி கார்டை எழுத முடியாத நிலைக்கு மாற்றிவிடுங்கள், நான் இரண்டு கார்டுகளைப் பறிகொடுத்தவன். அணைப்பதற்கென்று தனியாக ஒரு பொத்தான் வைப்பது அதைவிட நல்லது. பெட்டியில் துளை போடும்போதே அதற்கும் இடம் விடுங்கள், பிறகு போட்டால் அக்ரிலிக் விரியும். இன்னொன்று, திரையின் ரிப்பன் கம்பியை

சாலிடர்புகை:
உங்கள் பதிவு பாதியில் அறுந்துவிட்டது, பரவாயில்லை. கிரவுண்ட் லூப் என்றால் இரண்டு கருவிகள் வேண்டும், இரண்டுக்கும் தனித்தனி கிரவுண்ட் வேண்டும். நான் கேட்டது ஹெட்ஃபோனில். வளையத்துக்கு மறுமுனை எங்கே? அது வந்தால் பெரும்பாலும் அடித்தொண்டையில் ‘ம்ம்ம்’ என்று உறுமும், கொசுவைப் போலக் கீச்சிடுவது அரிது. வெளிச்சத்தைக் கூட்டினால் உறுமல் நிற்பதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

பழையகை:
சுவர் மின்சாரத்தோடு தொடர்பே இல்லாமல் பவர் பேங்கில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தூங்காதவன்:
சண்டைக்கு நடுவே என் பங்கு. கிவி என்ற பைதான் நிரல் தொகுப்பில் நானே எழுதிய கட்டைப் பலகை. விரல் கட்டைக்குள் எழுந்தால் ஒலியை நிறுத்து என்று எழுதியிருந்தேன். வழுக்கிக்கொண்டு வெளியே போய் எழும் விரலை யோசிக்கவில்லை. ஒரு நாள் காலை கிளம்பும் அவசரத்தில் திரையைத் துணியால் துடைத்துவிட்டு, ஸ்பீக்கர் அணைந்திருப்பதாக நினைத்துக் கதவைப் பூட்டினேன். இரவு ஒன்பது மணிக்குத் திறந்தால் இருட்டறையில் ஆர்கன் ஒலியில் ஒரே ஒரு சுரம், மூச்சுவிடாமல். விளக்கைப் போடத் தைரியம் வரவில்லை, கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். இப்போது எந்த விரல் எந்தச் சுரத்தைத் தொடங்கியது என்று குறித்துவைத்துக்கொள்கிறேன், எங்கே எழுந்தாலும் அது அடங்கிவிடும்.

வடக்குவாசல்:
எந்தச் சுரம்?

சாலிடர்புகை:
பவர் பேங்கில் ஓட்டிவிட்டேன். கொசு அங்கேயே இருக்கிறது. பிறகு ஒலி அட்டைக்குத் தனியாக ஒரு மின்னழுத்த ரெகுலேட்டர் வைத்தேன். இப்போது வெளிச்சம் பாதியில் இருந்து, அறையில் மின்விசிறியும் ஓடாமல், மூச்சையும் பிடித்துக்கொண்டால் மட்டும் கேட்கிறது. தினமும் ஒருமுறை மூச்சைப் பிடித்துப் பார்க்கிறேன்.

தூங்காதவன்:
கீழ் ஸ்தாயி நிஷாதம். மேலே ஸ போட்டு முடித்துவிட்டுத்தான் அணைத்தேன்.