விதிவிலக்கு எப்படி விதியை நிரூபிக்கும்? ஒரு வரியில் சிக்கிக்கொண்டேன்

கேட்டவர்:
வணக்கம். இங்கிலாந்தில் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஊர் முழுக்க மஞ்சள் சுண்ணாம்புக்கல் வீடுகள், ஒன்று மட்டும் செங்கல் வீடு. அதைச் சொல்லிவிட்டுக் கட்டுரையாளர், ‘தி எக்செப்ஷன் ப்ரூவ்ஸ் த ரூல்’ என்கிறார். “விதிவிலக்கே விதியை நிரூபிக்கிறது” என்று எழுதி அனுப்பினேன். “ஒரு செங்கல் வீடு இருந்தாலே விதி உடைந்துவிடுமே?” என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார் பத்திரிகை ஆசிரியர். அவர் கேட்பது நியாயமாகத்தான் படுகிறது. என்ன செய்யலாம்?

அகராதிப்பிரியன்:
‘ப்ரூவ்’ என்பதற்குச் சோதிப்பது என்று பழைய பொருள் உண்டு. “விதியைச் சோதிக்கிறது” என்று போட்டுவிடுங்கள், சரியாகிவிடும்.

பழைய வாத்தியார்:
அந்தப் பொருள் உண்டுதான் தம்பி. ஆனால் இந்தப் பழமொழி வந்த வழி அது இல்லை. இது நீதிமன்றத்துச் சொல்.

கி.மு. 56இல் ரோமில் பால்பஸ் என்பவருக்காக, பேர்பெற்ற வழக்கறிஞர் சிசரோ வாதாடினார். இன்றைய ஸ்பெயினின் காடிஸ் ஊர்க்காரரான அவருக்கு ரோமானியக் குடியுரிமை கொடுத்தது செல்லாது என்று வழக்கு. சிசரோ என்ன சொன்னார் தெரியுமா? வேறு சில இனத்தாரோடு ரோம் செய்த உடன்படிக்கைகளில் “இவர்களில் எவருக்கும் குடியுரிமை கூடாது” என்று தனியாக எழுதியிருக்கிறது. அப்படி எழுதி விலக்கினால்தான் கூடாது என்றால், எழுதாத இடத்தில் கூடும் என்றுதானே ஆகிறது? பால்பஸ் வென்றார்.

பிற்காலத்தில் இது சட்ட வாசகமானது: விலக்கப்படாதவற்றுக்கு விதி உண்டு என்பதை விலக்கு உறுதிசெய்கிறது. ‘விலக்கப்படாதவற்றுக்கு’ என்ற பகுதி பேச்சுவழக்கில் உதிர்ந்துபோனதால்தான் இத்தனை குழப்பம்.

முடிதிருத்தும் கடையில் “செவ்வாய் விடுமுறை” என்று ஒரு சின்னப் பலகை தொங்கும். மற்ற ஆறு நாளும் திறந்திருக்கும் என்று யாரும் எழுதுவதில்லை, ஆனாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. நம் உரையாசிரியர்கள் இதைத்தான் ‘அருத்தாபத்தியால் பெறப்படும்’ என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது.

கேட்டவர்:
நன்றி ஐயா. ஆனால் செங்கல் வீட்டை யாரும் எழுதி விலக்கவில்லையே?

பழைய வாத்தியார்:
சரியாகப் பிடித்தீர்கள். அதனால் இங்கே சட்டப் பொருள் பொருந்தாது. இது தளர்ந்த பேச்சுவழக்கு: ஒன்று கண்ணை உறுத்துகிறது என்றால் மற்றதெல்லாம் ஒரே மாதிரி என்று பொருள். பழமொழியை விட்டுவிட்டு, அந்த உறுத்தலை மட்டும் தமிழில் கொண்டுவாருங்கள். கட்டுரையில் அந்த வீட்டைப் பற்றி வேறு ஏதாவது இருக்கிறதா?

கேட்டவர்:
இருக்கிறது! அந்த வீட்டை வைத்துத்தான் ஊரார் வழி சொல்வார்களாம். இப்படி மாற்றி அனுப்பிவிட்டேன்: “வழி கேட்டால் ‘செங்கல் வீட்டுக்கு எதிரே’ என்பார்கள், எந்தச் செங்கல் வீடு என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.”