உதவி: செயற்கைக்கோள் படத்தில் லோனாவாலா பள்ளத்தில் கிடக்கிறது

செம்பூர்வாசி:
மகளின் புவியியல் செயல்திட்டத்துக்காக, சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுத்த சஹ்யாத்ரி (மகாராஷ்டிரப் பக்க மேற்குத் தொடர்ச்சி மலை) படம் ஒன்றைத் தரவிறக்கினேன். டிசம்பர் மாதப் படம்; மேகம் துளியும் இல்லை. ஆனால் மலையெல்லாம் பள்ளமாகவும் பள்ளத்தாக்கெல்லாம் முதுகு புடைத்த மலையாகவும் தெரிகிறது. முல்ஷி ஏரி மலை முகட்டில் விரல் விரித்துப் படுத்திருக்கிறது! ஊருக்குப் போகும்போதெல்லாம் அடிவாரத்துக் கர்ஜத்தில் ரயிலுக்குப் பின்னால் இஞ்சின் மாட்டி மலைமேல் லோனாவாலாவுக்குத் தள்ளி ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் படத்தை நம்பினால் வண்டி தானாகவே உருண்டு போய்விடும். இரண்டு முறை தரவிறக்கியும் இதே கதை. கோப்பு கெட்டுவிட்டதா?

வரைபடப்பித்தன்:
கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. படத்தை 180 பாகை சுழற்றிப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

செம்பூர்வாசி:
அட! மலை எழுந்துவிட்டது. முல்ஷியும் பள்ளத்துக்கு இறங்கிவிட்டது. எப்படி ஐயா?

வரைபடப்பித்தன்:
அந்தச் செயற்கைக்கோள் கடப்பது உள்ளூர்ச் சூரிய நேரப்படி காலை பத்தரை வாக்கில். டிசம்பரில் அப்போது சூரியன் தென்கிழக்கில் நிற்கும். நிழல் வடமேற்கே விழும். வடக்கு மேலே இருக்கும் படத்தில் வெளிச்சம் கீழ்ப்பக்கத்திலிருந்து வருகிறது. நம் கண்ணுக்கோ வெளிச்சம் மேலிருந்து விழுந்துதான் பழக்கம். அதனால் மேட்டையும் பள்ளத்தையும் மூளை மாற்றிப் போட்டுவிடுகிறது. இந்தத் தொல்லைக்காகவே வரைபடம் தீட்டுகிறவர்கள் வடமேற்கில் ஒரு பொய்ச் சூரியனை வைத்துக்கொள்வார்கள். டிசம்பர் காலையில் அங்கிருந்து வெயில் எங்கே வரப்போகிறது? இருந்தாலும் மலை மலையாகத் தெரியும்.

தாணேக்காரி:
தெற்கை மேலே வைத்து ஒட்டினால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். மே மாதப் படம் எடுங்கள். வெயில் உயர ஏறியிருக்கும், நிழல் குட்டையாகிவிடும். ஜூன் பிறந்துவிட்டால் மேகத்தைத்தான் படம் பிடிக்கலாம். இன்னும் நல்ல வழி, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த நில உயரத் தரவு. இலவசம்தான். அதில் சூரியனை நீங்களே வடமேற்கில் நிறுத்தலாம். கொங்கண் கடற்கரைப் பக்கம் மலை சட்டென்று விழும் விளிம்பைப் பார்க்கத் தவறாதீர்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்ததால், சரிவுகள் குளத்துப் படிக்கட்டு மாதிரி இருக்கும்.

செம்பூர்வாசி:
ரேடார் தரவில் செய்துவிட்டோம். கர்ஜத் இப்போது கீழே. பழைய படத்தையும் மகள் பக்கத்தில் ஒட்டப் போகிறாளாம். அவளுக்கு அது முதலிலிருந்தே சரியாகத்தான் தெரிந்ததாம், நான்தான் கேட்கவில்லை. என் மனைவிக்கு இன்னமும் முல்ஷி மலைமேல்தான்.