பெரிய ஃபைல் பாதிக் கிணற்றில் நின்றுபோகிறது, உதவி தேவை

சுண்ணக்கட்டி:

வணக்கம். மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு கிராமம். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் விண்டோஸ் 10 போட்ட நான்கு பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. 2025 அக்டோபர் 14-ஓடு அதன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ஐ இந்த மெஷின்கள் ஏற்கவில்லை. சாயங்காலம் பத்துப் பதினைந்து பிள்ளைகள் இவற்றை நம்பித்தான் வருகிறார்கள், தூக்கிப்போட மனமில்லை. ராம் 4 ஜிபி இருப்பதால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், அதிலும் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ வகையைப் போட்டுத் தரலாம் என்று இருக்கிறேன்.

அதை நிறுவுவதற்கான ஃபைல் 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. வீட்டில் 50 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. அந்தச் சர்வர் மெதுவாகக் கொடுப்பதால் அரை மணி நேரம் ஆகும் என்று காட்டுகிறது. ஆனால் ஒருமுறைகூட முழுசாக இறங்கியதில்லை. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்: திங்கள் மாலை 6.40-க்கு ஆரம்பித்தது 1.1 ஜிபியில் நின்றது. செவ்வாய் 7.15, 640 எம்பி. புதன் 6.20, 2.3 ஜிபி. வியாழன் இரவு 8.05, வெறும் 300 எம்பி. ஒவ்வொரு முறையும் "நெட்வொர்க் பிழை" என்று வரும், மறுபடி அழுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

புகார் செய்தேன். வந்த தம்பி போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டு 48 காட்டினார், லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். யூடியூபும் தடங்கலில்லாமல் ஓடுகிறது. செல்போன் டேட்டாவில் இறக்கலாமென்றால் ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான். எங்கே தேடுவது என்று யாராவது வழி சொல்லுங்கள்.

திண்ணை:

டீச்சர், முதலில் லேப்டாப் தூங்கிப்போகிறதா என்று பாருங்கள். பவர் செட்டிங்கில் ஸ்லீப் "ஒருபோதும் இல்லை" என்று இருக்கட்டும். டிரைவில் இடம் இருக்கிறதா? நேராகப் பென் டிரைவில் இறக்குகிறீர்களா? பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபியை எட்டும் ஃபைல் அதில் நிற்காது. அது புரியாமல் இரண்டு நாள் நெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் ஃபைல் அதைவிடச் சின்னது, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இரவுவேலை:

எம்டியூ கோளாறாக இருக்கலாம். டேட்டா பாக்கெட் என்ற துண்டுகளாகப் போகும், ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவுதான் எம்டியூ. ஃபைபர் இணைப்பு பல இடங்களில் பிபிபிஓஇ என்ற முறையில், பாக்கெட்டை இன்னொரு உறைக்குள் வைத்து வருகிறது. அந்த உறைக்கு 8 பைட் போய்விடுவதால் ஒரு பாக்கெட்டுக்கு 1500-க்குப் பதில் 1492 பைட்தான் மிஞ்சும். வழியில் அது சரியாகக் கையாளப்படாவிட்டால் சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரியது தொங்கும். ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் விண்டோஸ் பிங் கட்டளையில், துண்டாக்கக் கூடாது என்பதற்கான எஃப், அளவுக்கான எல் இரண்டையும் சேர்த்து 1464 என்று கொடுத்துப் பாருங்கள். தலைப்புக்கு 28 பைட் சேர்ந்தால் சரியாக 1492.

சுண்ணக்கட்டி:

இருவருக்கும் நன்றி. லேப்டாப் தூங்கவில்லை, நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். சி டிரைவில் 60 ஜிபி காலி. 1464 போட்டேன், பதில் ஒழுங்காக வருகிறது. 1472 போட்டால் துண்டாக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் நீங்கள் சொன்ன கணக்கு சரிதானே?

இரவுவேலை:

சரிதான், உங்கள் எம்டியூவில் குறையில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தக் கோளாறு 2.3 ஜிபி வரை விட்டிருக்காது, ஆரம்பத்திலேயே தொங்கியிருக்கும். என் ஊகத்தை விட்டுவிடுங்கள்.

ஃபைபர்காரன்:

டீச்சர், நான் ஒன்பது வருஷமாக ஃபைபர் லைன் வேலை பார்க்கிறவன். உங்கள் நோட்டுதான் எனக்குப் பெரிய உதவி. நான்கு முறையும் ஆறு மணிக்கு மேல். காலையில் ஏதாவது இறக்கினீர்களா?

யூடியூப் ஓடுவதை வைத்து லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. வீடியோ சின்னச் சின்னத் துண்டுகளாக, கொஞ்சம் முன்கூட்டியே வந்து சேர்கிறது. நடுவே கொஞ்ச நேரம் லைன் போனாலும் சேமித்ததை ஓட்டிக்கொண்டே அடுத்த துண்டைக் கேட்டுக்கொள்ளும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஸ்பீடு டெஸ்ட் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். டவுன்லோட் அப்படியில்லை. ஒரே இணைப்பை அரை மணி நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஒரு தடவை அறுந்தால் போச்சு.

இன்று மாலை டவுன்லோட் போடும்போது இரண்டு கறுப்பு விண்டோ (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் ரௌட்டருக்குப் பிங், பெரும்பாலும் 192.168.1.1. இன்னொன்றில் வெளியே இருக்கும் கூகுள் சர்வர், 8.8.8.8. கடைசியில் ஹைஃபன் போட்டு டி சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். டவுன்லோட் நிற்கும்போது இரண்டும் அறுந்தால் வீட்டுக்குள் வைஃபை கோளாறு. ரௌட்டர் பதில் சொல்லி வெளியே மட்டும் அறுந்தால் கோளாறு லைனில். அப்புறம் ரௌட்டர் பக்கத்தில் "ஆப்டிக்கல்" அல்லது "பான்" என்ற பகுதியில் ஆர்எக்ஸ் பவர் என்று ஓர் எண் இருக்கும், அதுதான் பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு, டிபிஎம் என்ற டெசிபெல் கணக்கில். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று குறித்து அனுப்புங்கள்.

சுண்ணக்கட்டி:

குறித்துவிட்டேன். நேற்று மாலை 6.15-லிருந்து 7.15 வரை ரௌட்டர் பிங் ஒன்றுகூடத் தவறவில்லை. 8.8.8.8 மூன்று தடவை அறுந்தது: 6.31, 6.48, 7.09. ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல். 6.48-க்கு ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தேன், சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் பக்கத்து அறையில் உட்காருவதால் இவ்வளவு நாள் கண்ணில் படவில்லை.

ஆர்எக்ஸ் பவர் மாலை 6.35-க்கு -28.1. இன்று காலை 9 மணிக்கு -22.6. போன ஞாயிறு காலையில் 700 எம்பி ஃபைல் ஒன்று ஒரே மூச்சில் இறங்கியது, அதை எழுத மறந்துவிட்டேன்.

ஃபைபர்காரன்:

பிடிபட்டது. வீடுகளில் வைக்கும் சாதாரண ஜிபான் (ஃபைபர் இணைப்பு வகை) பெட்டி -27 வரை ஒளியைப் படிக்கும் என்பதுதான் உத்தரவாதம். அதற்குக் கீழே அன்றைய பாடு, வந்தால் வரும், போனால் போகும். ஒவ்வொரு 3 டெசிபெல் குறையும்போதும் ஒளி பாதியாகும். காலைக்கும் மாலைக்கும் ஐந்தரை வித்தியாசம் என்றால், காலையில் வருகிற ஒளியில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் மாலையில் வருகிறது. கணக்கு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இவ்வளவு பெரிய வித்தியாசம் தினமும் ஒரே நேரத்தில் வந்து காலையில் சரியாகிறது என்றால், ஏதோ ஒன்று கேபிளை அழுத்துகிறது அல்லது மடக்குகிறது. கண்ணாடி நூலைச் சின்ன வட்டமாக வளைத்தால் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். கேபிள் வீட்டுக்குள் வருகிற வழியை முழுக்கக் கையால் தொட்டுப் பாருங்கள். ஆறு மணி சுமாருக்கு அங்கே என்ன நகர்கிறது? எதையும் கழற்ற வேண்டாம். கழன்ற முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது, அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

சுண்ணக்கட்டி:

கண்டுபிடித்துவிட்டேன். ஜன்னல்.

கேபிளை ஜன்னல் வழியாகத்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள், கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே. பகல் முழுக்க ஜன்னல் திறந்திருக்கும். சுற்றிலும் வயல், பொழுது சாய்ந்தால் கொசு தாங்காது. ஆறு மணிக்கு விளக்கேற்றுவதற்கு முன்னால் எல்லா ஜன்னலையும் சாத்துவது என் அம்மா காலத்திலிருந்து வந்த பழக்கம். கதவு கேபிளின் மேல் உட்கார்ந்து சட்டத்தோடு நசுக்குகிறது. அந்த இடத்தில் கறுப்பு உறை தட்டையாகிப் பளபளப்பாக இருக்கிறது, விரலால் தடவினால் பள்ளம் தெரிகிறது.

சரி, சோதித்துவிடுவோம் என்று ரௌட்டர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்: -28.3. திறந்தேன்: -22.7. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதே மாதிரி.

ஃபைபர்காரன்:

அருமை, டீச்சர். இந்த இரண்டு எண்களையும் தேதியோடு எழுதிப் புகார் கொடுங்கள். "நெட் வரவில்லை" என்றால் மறுபடி ஸ்பீடு டெஸ்ட்தான் போடுவார்கள். "ஆர்எக்ஸ் -28, கேபிள் நசுங்கியிருக்கிறது" என்றால் ஆள் ஃபைபரை ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷினோடு வருவார். நசுங்கிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டுச் சட்டத்துக்கு மேலே சுவரில் துளை போட்டு உள்ளே விடச் சொல்லுங்கள். பெட்டிக்குப் பின்னால் மிச்சக் கேபிளைச் சுற்றும்போது காப்பி டம்ளரின் வட்டத்தைவிடச் சின்னதாகச் சுற்ற வேண்டாம்.

ஆள் வரும்வரை ஜன்னலைத் திறந்து வைத்து, கொசுவலையில் உட்கார்ந்தாவது இறக்கிவிடுங்கள்.

இரவுவேலை:

இறக்கியதும் ஷா256 எண்ணை, அதாவது ஃபைலின் கைரேகை மாதிரியான எண்ணை, சரிபாருங்கள். மின்ட் தளத்தில் அந்த எண் இருக்கும். விண்டோஸில் சர்ட்யூட்டில் என்ற கட்டளை, ஹாஷ்ஃபைல் என்ற சேர்க்கையோடு, ஃபைல் பெயருக்குப் பின் ஷா256 என்றும் கொடுத்தால், உங்கள் ஃபைலுக்கான எண்ணைச் சொல்லும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த ஃபைலைப் பயன்படுத்தாதீர்கள். இன்னொன்று, அங்கே டாரன்ட் வழியும், அதாவது பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்கும் வழியும், உண்டு. அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்த்துக்கொள்ளும்.

சுண்ணக்கட்டி:

இன்று காலை லைன் ஆள் வந்தார். இரண்டு மணி நேர வேலை. இப்போது ஜன்னலைச் சாத்தினாலும் -21.9-லேயே நிற்கிறது. ஃபைல் மாலை 6.30-க்குப் போட்டு 7.04-க்கு முழுசாக இறங்கியது.

படிப்பகத்துக்கு வருகிற எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் தளத்திலிருந்து நான்கு நான்கு எழுத்தாக வாசிக்க, நான் என் திரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். 64 எழுத்தும் ஒத்துப்போகிறது. கடைசி நான்கை அவள் இரண்டு தடவை வாசித்தாள்.

நாளை பென் டிரைவில் எழுதப்போகிறேன். அதற்கு எட்சர் என்ற மென்பொருள் போதுமா?

திண்ணை:

எட்சர் போதும். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கம்ப்யூட்டரிலும் பிள்ளைகள் சேமித்து வைத்திருப்பதையும்தான்.