ஒரே தோட்டாவைத் தினமும் சேம்பரில் ஏற்றி இறக்கினால்

ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்தபிறகு வீட்டுப் பாதுகாப்புக்காக ஒரு 9 மி.மீ. பிஸ்டல் வாங்கினேன். (எச்-1பி விசாவில் இருப்பவர்கள் கவனிக்கவும்: வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, உங்களுக்குத் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் இங்கே மத்தியச் சட்டப்படி குற்றம். நண்பர் சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார் என்று கிளம்பும் முன் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.)

இரவு படுக்கும்போது சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) ஒரு தோட்டா ஏற்றி, படுக்கையோரப் பெட்டகத்தில் பூட்டி வைப்பேன். காலையில் இறக்கிவிடுவேன். வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை இருப்பதால் இது விடாத பழக்கம். வெளியே வந்து விழுந்த தோட்டாவை எடுத்து மேகசினின் (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் கூடு) தலையில் மறுபடி அழுத்திவிடுவேன். மறுநாள் இரவும் அதே தோட்டாதான் மேலே ஏறும். இப்படி நாலைந்து மாதம் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேகசினைத் துடைக்க எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிறுத்தினேன். ஒன்று மட்டும் குள்ளமாக நின்றது. அளவுகோல் வைத்துப் பார்த்தால் மற்றவற்றைவிட முக்கால் மில்லிமீட்டர் குறைவு. அடி விளிம்பு முழுக்கக் கீறல். முனையில் இருக்கும் குழியின் ஓரமும் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு சட்டென்று மூடும்போது தோட்டாவின் மூக்கு சேம்பர் வாயில் இருக்கும் சரிவில் மோதித்தான் உள்ளே போகிறது. ஒருமுறை இருமுறை என்றால் தாங்கும். தினமும் மோதினால் புல்லட், அதாவது தோட்டாவின் முனையில் இருந்து பாயும் துண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பித்தளைக் கூட்டுக்குள் இறங்கிவிடும். உள்ளே இடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் எகிறும். 9 மி.மீ. சாதாரணத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அதைத் தாண்டினால் துப்பாக்கி கையிலேயே உடையலாம். எந்தத் தோட்டா குடும்பத்தைக் காப்பாற்றும் என்று முதல் ஆளாக வைத்திருந்தேனோ, அதுதான் மேகசினிலேயே மோசமான தோட்டா.

இப்போது இறக்கும் ஒவ்வொரு தடவையும் தோட்டாவின் அடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுகிறேன். புதியது ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பேன். இரண்டு கோடு ஆனால் பயிற்சி டப்பாவுக்குப் போய்விடும். துளி குட்டையானாலும் அதைச் சுடுவதில்லை, குப்பையிலும் போடுவதில்லை. பழுதான தோட்டாக்களுக்கென்று ரேஞ்சில் இருக்கும் வாளியில் சேர்த்துவிடுகிறேன். வருடத்துக்கு ஒருமுறை மேகசினில் இருக்கும் மிச்சத்தையும் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதுப் பெட்டி. முனையில் குழி உள்ள இந்த ஹாலோ பாயின்ட் தோட்டா விலை அதிகம்தான், ஆனால் அதைச் சுட்டுப் பார்க்காமல் என் துப்பாக்கி அதைத் தடங்கலின்றி ஏற்றும் என்று எப்படி நம்புவது? உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

பதில் 1

நான் ஃபுளோரிடா. என்னிடம் இருப்பது .38 ரிவால்வர், தோட்டாவைக் கையாலேயே உருளையில் செருகுவது, அதனால் நீங்கள் சொல்லும் சிக்கல் எனக்கு வரவில்லை. எனக்கு வந்தது களிம்பு. மாற்றுத் தோட்டாக்களைத் தோல் உறையில் செருகி ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டேன். ஊரில் குத்துவிளக்கில் பூக்குமே, அதே பச்சை. தோலைப் பதப்படுத்தும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் பித்தளை இப்படித்தான் ஆகும். அப்புறம் செய்ததுதான் பெரிய தப்பு: துரு நீக்கும் எண்ணெயை அடித்துத் துடைத்தேன். அந்த எண்ணெய் தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் பிரைமருக்குள் கசிந்துவிடும் என்று அப்போது தெரியாது. ரேஞ்சில் ஐந்தில் இரண்டு 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டன. பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தபடி குழலை இலக்கை நோக்கியே வைத்து முப்பது விநாடி எண்ணிய பிறகுதான் திறந்தேன். இப்போது நிக்கல் பூசிய தோட்டா, ரப்பர் வளையம் வைத்த ராணுவ டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். கராஜில் வைப்பதில்லை, அலமாரியின் அடித்தட்டில்தான்.

பதில் 2

நியூ ஜெர்சியிலிருந்து. இங்கே ஹாலோ பாயின்ட்டுக்குத் தனிக் கெடுபிடி உண்டு; வீட்டில் வைக்கலாம், கடையிலிருந்து வீட்டுக்கும் ரேஞ்சுக்கும் கொண்டுபோகலாம், அதைத் தாண்டினால் சிக்கல். நான் சொல்ல வந்தது வேறு. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையிலேயே துணி அடுக்கி ஊருக்குப் போனேன். திரும்பி வரும்போது விமான நிலைய ஸ்கேனரில் ஓரப்பையின் தையலுக்குள் ஒரே ஒரு தோட்டா. விமானம் போய்விட்டது, பாஸ்போர்ட் போனது, ஆயுதச் சட்டப்படி வழக்கு. தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1972-இலேயே சொல்லியிருக்கிறது. வழக்கு அதை வைத்துத்தான் ரத்தானது. அதற்குள் எட்டு மாதம். அம்மா தினமும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததை மறக்க முடியவில்லை. எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். அந்தப் பையை வேறு எதற்கும் தொடாதீர்கள்.

முதல் பதிவர்

படித்ததும் எழுந்துபோய் அலமாரியில் இருந்த மூன்று பைகளையும் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். பையனை நீச்சலுக்குக் கூட்டிப்போகும் பையில் சுட்ட கூடு இரண்டு கிடந்தன. டிசம்பரில் மதுரைக்கு அதைத்தான் எடுத்துப்போவதாக இருந்தோம்.