பர்மிய மொழி தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

என் மாமியாருக்கு 78 வயது. டிமென்ஷியா. முதலில் பெயர்கள்தான் மறந்தன. சொம்பை "அந்தத் தண்ணி மோக்கறது" என்பார். அதற்குப் பழகிவிட்டோம். இப்போது நடுநடுவே பர்மியச் சொற்கள் வருகின்றன. ரங்கூனில் பிறந்து, 1964ல் கப்பலேறி வந்தவர். இத்தனை வருடத்தில் அந்த மொழியில் அவர் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

போன வாரம் நாள் முழுக்க "யே, யே" என்றார். எங்களை அதட்டுகிறார் என்றே நினைத்தோம். பர்மியத்தில் யே என்றால் தண்ணீராம். பாவம், தாகத்தில் கேட்டிருக்கிறார்.

பின்னால் கற்ற மொழி முதலில் போவதுண்டு என்கிறார் டாக்டர். சரி, ஆனால் இவருக்குத் தமிழ்தானே தாய்மொழி?

பசி, வலி, பயம், கழிப்பறை இவற்றுக்கான பர்மியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தர முடியுமா? ராத்திரியில் நீளமாகப் பேசுகிறார். பதிவு செய்து அனுப்பினால் யாராவது கேட்டுச் சொல்வீர்களா?